மறு: செவிமடல் ஊசிமுறை – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். புழல் சிறைக்காவலர்களுக்கான விளக்கத் தாளைத் தமிழில் எழுதும் சகோதரி, டென்ஷனைத் தணிப்பதற்காகக் காதுமடலில் மெல்லிய ஊசி வைக்கும் ஆரிகுலர் அக்குபங்சருக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். அதற்கு ஐயா எழுதியது:

> "காதுக்குத்தூசி" போதுமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் என்ன புரியும்? காதும் குத்தும் சேர்ந்து வந்தால் சென்னையில் ஒன்று தாய்மாமன் மடி நினைவுக்கு வரும், இல்லையென்றால் "யாருகிட்ட காது குத்துற?" என்ற கேள்வி வரும். ஊசியால் மனசு எப்படி லேசாகும் என்ற சந்தேகத்தோடு வந்து உட்காருகிறவரிடம் அந்தப் பெயரை நீட்டவே கூடாது. அக்குபங்சருக்குக் குத்தூசி மருத்துவம் என்பது நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்க்கிற கருவிக்கும் குத்தூசி என்றுதான் பெயர். மிக மெல்லிய ஊசியைப் பற்றிப் பேசும்போது அந்தப் படம் எதற்கு?

"செவிச் சிகிச்சை" என்றால் காதுவலிக்கு மருந்து என்று படித்துவிடுவார்கள். ஊசி இறங்குவது வெளியே தெரியும் மடலில், ஆகவே செவிமடல். "மடலூசி" கேட்க இனிமைதான். ஆனால் இந்தக் குழுவில் நாம் தினமும் எழுதுவதும் மடல், தாழம்பூவில் இருப்பதும் மடல்.

இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1950களில் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோழியே, காதுமடலைத் தலைகீழாகக் கிடக்கும் கருவாகக் கண்டு, உடலின் பகுதிகளுக்கு மடலில் இடம் குறித்தார். அந்த இடங்களை ஊசியால் தூண்டுகிறார்கள், சிறு விதையைப் பிளாஸ்திரியால் ஒட்டி அழுத்தவும் செய்கிறார்கள், மின்தூண்டலும் உண்டு. விதை ஒட்டிக்கொண்டு போகிறவரிடம் ஊசி என்று சொல்ல முடியாது. எனவே ஆரிகுலோதெரபி என்ற பொதுப்பெயருக்குச் செவிமடல் புள்ளிச் சிகிச்சை, அதில் ஊசி வைப்பதற்கு மட்டும் செவிமடல் ஊசிமுறை. செவிமடற்புள்ளி என்று சேர்த்தெழுத இலக்கணம் இடம் தரும். தாளில் பிரித்தே அச்சிடுவோம். குழுவில் வந்த இன்னொரு கேள்வி:

> நம்மிடம் வர்மம் இருக்க, "செவி வர்மம்" என்றால் என்ன?

வர்மத்துக்குத் தனிப் புள்ளிகள், தனிக் கணக்கு, தனி ஆசான் மரபு. நோழியேயின் வரைபடத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் இரண்டையும் மதிக்காதவர்கள் ஆவோம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சகோதரி கவனிக்க வேண்டியது புள்ளிகளின் பெயர். நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் 1970களில் போதை மீட்புக்காக வளர்ந்த ஐந்து புள்ளி முறையைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள்: ஷென்மென், சிம்பதெடிக், சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல். தாளில் வெறுமனே "கல்லீரல்" என்று போட்டால், "நான் குடிக்கிறேன்னு எவன் சொன்னான்?" என்று ஒரு காவலர் எழுந்து போய்விடக்கூடும். "கல்லீரல் புள்ளி என்பது மடலில் உள்ள ஓர் இடத்தின் பெயர், கல்லீரலுக்கு எதுவும் செய்வதில்லை" என்று அங்கேயே ஒரு வரி சேருங்கள். ஷென்மென்னுக்குத் தமிழ் தேட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது "மன அழுத்தம்". ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான், டிப்ரஷனுக்கும் அதுதான் என்று நாளிதழ்கள் எழுதிப் பழகிவிட்டன. சீருடையில் இருப்பவருக்கு இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை. தனக்கு மனநோய் என்று பதிவேட்டில் ஏறிவிடுமோ என்று அஞ்சுவார். ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன இறுக்கம் என்போம். ஆங்ஸைட்டிக்கு இலங்கை நண்பர்கள் சொல்லும் பதகளிப்பு நல்ல சொல், ஆனால் புழலில் எடுபடாது. பதற்றம் போதும். முதல் பத்தியில் மட்டும் டென்ஷன், படபடப்பு என்றே எழுதிவிட்டு, பிறகு இந்தச் சொற்களுக்கு வரலாம்.

வினைச்சொல்லும் முக்கியம். போக்கும், தீர்க்கும், குணப்படுத்தும் மூன்றும் வேண்டாம். மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை செவிமடலின் உட்குழிவை எட்டுகிறது. அதைத் தூண்டுவதால் உடல் தளர்கிறது என்பது முன்வைக்கப்படும் விளக்கம். ஆய்வுகளில் பல சிறியவை. ஊசி வைத்தாரா, வைப்பதுபோல் செய்தாரா என்பதை ஊசிக்கு உட்படுபவரிடம் மறைப்பதும் கடினம். எனவே "தணிக்க உதவலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் ஏறக்கூடாது.

"சிறை அதிகாரி" என்று எழுதியிருப்பதையும் சிறைக்காவலர் என்று மாற்றிவிடுங்கள் அம்மா. அதிகாரி என்றால் ஜெயிலர், கண்காணிப்பாளர் என்று நினைத்து, இரவுப் பணி பார்க்கிற இரண்டாம் நிலைக் காவலர் தனக்கில்லை என்று தாளை மடித்து வைத்துவிடுவார்.

உட்குழிவின் மேல்பாதி, கீழ்ப்பாதி இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டியிருக்கிறது. குழுவில் உடற்கூற்றியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கொளத்தூரிலிருந்து