நாய்க்குத் தோல் அரிப்பு, சாப்பாடு மாத்தி 3 வாரம் ஆச்சு, ஒண்ணும் கேக்கல. உதவுங்க!

மழைமேகம்:
அவசரம். சீசருக்குத் தோல் பிரச்சினை. டாக்டர் சாப்பாட்டை மாத்தச் சொன்னார். சிக்கனை நிறுத்திட்டு, மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பாக்கெட் உணவுதான் 3 வாரமா. துளிகூடக் குறையல. நேத்து ராத்திரி பூரா கட்டிலுக்கடியில பின்னங்கால் தரையில அடிக்கிற சத்தம், டப் டப்னு. வீட்ல யாருமே தூங்கல. அடுத்து எந்த உணவுக்கு மாத்தலாம்?

செவலைக்காது:
வயசு என்ன? எந்த இடத்துல சொறியுது? காதா, பாதமா, வால் ஆரம்பிக்கிற இடமா? வருஷம் பூரா இருக்கா, குறிப்பிட்ட மாசத்துல மட்டும் வருதா? தோல் பிரச்சினைன்னு மட்டும் சொன்னா எங்களுக்கு என்ன தெரியும்?

கூழாங்கல்:
தானியம்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். நாய் ஓநாய் வம்சம். பச்சை இறைச்சி மட்டும் போடுங்க, பத்தே நாள்ல மாறும். எங்க வீட்டு நாய்க்கு அப்படித்தான் சரியாச்சு.

நெடுநாள்வாசி:
இதே கேள்விக்கு இங்க எத்தனை தடவை எழுதியாச்சு. தேடிப் பார்க்கிற வழக்கமே யாருக்கும் கிடையாது. 3 வாரத்துல எதுவும் தெரியாது தம்பி. உணவு ஒவ்வாமை உள்ள நாய்கள்ல 10க்கு 8 தேறவே 5 வாரம் ஆகும். 8 வாரம் பொறுத்தா 10க்கு 9க்கு மேல தெரிஞ்சிடும். அதுக்குள்ள வேற உணவு, வேற உணவுன்னு தாவினா கடைசி வரைக்கும் காரணம் கிடைக்காது. பொறுமை இல்லாதவங்க நாய் வளர்க்கக் கூடாது.

மழைமேகம்:
4 வயசு, லேப்ரடார். முன்பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கு, காதும் நாறுது. வருஷம் பூரா உண்டு. நான் தம்பி இல்ல சார், தங்கச்சி. அந்த உணவைத் தவிர வேற எதுவும் தரல, சத்தியமா.

தாழ்வாரம்:
ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்கே, எந்த உணவு ஆகாதுன்னு பட்டியலே போட்டுக் குடுத்துடும். எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

செவலைக்காது:
உணவு ஒவ்வாமைக்கு ரத்தம், எச்சில், முடி எதை வச்சுப் பண்ற பரிசோதனையும் நம்புற மாதிரி இல்லைங்க. ஒண்ணுமே இல்லாத நாய்க்கும் ‘ஒவ்வாமை’ன்னு காட்டும். சாப்பாட்டை மாத்திப் பார்க்கிறதுதான் இன்னிக்கும் வழி. மழைமேகம், காது நாறுதுன்னா உள்ள பூஞ்சை இருக்கலாம். அதுக்குத் தனியா மருந்து போடலைன்னா எந்தச் சாப்பாடு போட்டாலும் சொறிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். டாக்டர் காதுலேர்ந்து மாதிரி எடுத்துப் பார்த்தாரா?

கணக்குப்பிள்ளை:
கூழாங்கல் அண்ணே, ஓநாய்க் கதையை விடுங்க. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கிற மரபணு நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு அதிகம். 2013லேயே ஆய்வு வந்தாச்சு. நாய்ங்க கிட்ட அதிகமா ஒவ்வாமை காட்டுறது மாட்டிறைச்சி, பால் பொருள், சிக்கன். கோதுமையும் உண்டு, ஆனா அதுக்கப்புறம்தான். பச்சைக் கறியில சால்மோனெல்லாக் கிருமி வேற.

கூழாங்கல்:
ஆய்வு ஆய்வுன்னே சொல்லுங்க. பாக்கெட் கம்பெனிக்காரன் காசு குடுத்தா எந்த ஆய்வும் வரும்.

கணக்குப்பிள்ளை:
அப்ப தானியம் இல்லாத பாக்கெட்டை விக்கிறவன் மட்டும் தர்மத்துக்கா விக்கிறான்? அந்த வகை உணவுக்கும் நாய்ங்க இதயம் வீங்குறதுக்கும் தொடர்பு இருக்கான்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018லேயே விசாரிக்க ஆரம்பிச்சாங்க. இன்னும் முடிவா எதுவும் சொல்லல, அது வேற விஷயம்.

நெடுநாள்வாசி:
ரெண்டு பேரும் தனி இழை தொடங்கி அடிச்சுக்குங்க.

வெல்லக்கட்டி:
மழைமேகம், ‘வேற எதுவும் தரல’ன்னு நானும் ஒண்ணரை மாசம் சத்தியம் பண்ணிக்கிட்டிருந்தேன்மா. அப்புறம் ஒரு நாள் பார்த்தா, குழந்தை சாப்பிடுற உயர நாற்காலிக்குக் கீழே நம்ம ஆளு. தரை பளபளன்னு இருந்தது, நான் துடைச்சதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்! அதனால கேக்கிறேன். மாத்திரையை எதுக்குள்ள வச்சுக் குடுக்கிறீங்க? பல் தேய்க்கிற பேஸ்ட் உண்டா? மெல்லக் குடுக்கிற எலும்பு? மீன் எண்ணெய் கேப்ஸ்யூல்? அந்த உறையே பெரும்பாலும் மாடு, பன்னி ஜெலட்டின்தான். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு என்ன மருந்து?

மழைமேகம்:
ஐயோ. உண்ணிக்கு மாசம் ஒரு மாத்திரை, மெல்லுறது. இப்பதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், மாட்டிறைச்சிச் சுவைன்னு போட்டிருக்கு. 12 நாளைக்கு முன்னாடிதான் குடுத்தோம். மருந்துதானே, அதைப் போய்ச் சாப்பாட்டுல சேர்ப்பாங்களான்னு விட்டுட்டேன். பேஸ்ட்டும் சிக்கன் வாசனை.

வெல்லக்கட்டி:
அதுக்காக உண்ணி மருந்தை நிறுத்திடாதீங்க. தெள்ளுப்பூச்சி கடிச்சாலும் இதே சொறிதான், அப்புறம் எதால வந்ததுன்னே தெரியாது. கழுத்துல ஊத்துற சொட்டு மருந்தா மாத்தித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க.

செவலைக்காது:
அந்தப் பாக்கெட்டும் எதுன்னு பாருங்க. சாதாரணமா விக்கிறதுல மீன்னு எழுதியிருந்தாலும், எழுதாத கறியும் கலந்திருந்ததா பல ஆய்வுல வந்திருக்கு. புரதத்தைப் பொடிப்பொடியா உடைச்சுத் தயாரிச்ச மருத்துவ உணவு உங்க டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். வீட்ல சமைக்கிறதா இருந்தா அளவும் அவரே சொல்லட்டும். வெறும் கறியும் கிழங்கும் மட்டும்னா சுண்ணாம்புச் சத்து கட்டாயம் குறையும்.

கூழாங்கல்:
பச்சை எலும்பு போட்டா சுண்ணாம்புச் சத்து தானா வரும்.

கணக்குப்பிள்ளை:
பல்லும் தானா உடையும்.

மழைமேகம் (9 நாள் கழித்து):
காதுலயும் பாதத்துலயும் பூஞ்சையாம். காதுக்குச் சொட்டு மருந்து, குளிப்பாட்ட மருந்து ஷாம்பு குடுத்திருக்கார். சாப்பாடும் செவலைக்காது சொன்ன வகைக்கு மாத்தியாச்சு, உண்ணிக்கும் சொட்டு மருந்துதான். நேத்து ராத்திரி ரெண்டே தடவைதான் எழுந்துது. 8 வாரக் கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து. வெல்லக்கட்டி அக்கா, நன்றி. வேலை இருக்கு, அப்புறம் வரேன்.

செவலைக்காது:
நல்லது. 8 வாரம் முடிஞ்சு சரியாயிட்டா பழைய உணவை ஒரு ரெண்டு வாரம் திருப்பிக் குடுத்துப் பார்க்கணும். திரும்பச் சொறிஞ்சாத்தான் சாப்பாடுன்னு உறுதி. இல்லைன்னா ஷாம்புவால தேறிச்சா, உணவால தேறிச்சான்னு தெரியாது.

செவலைக்காது (3 மாசம் கழித்து):
மழைமேகம், திருப்பிக் குடுத்துப் பார்த்தீங்களா?

தாழ்வாரம்:
எங்க நாய்க்கும் இதே பிரச்சினை. எந்த உணவு நல்லது? சீக்கிரம் சொல்லுங்க.

நெடுநாள்வாசி:
மேலே படிங்க.