கடை கம்ப்யூட்டருக்கு டெலிகிராமில் வேலை சொல்கிறேன், பாதி நேரம் சொதப்புகிறது

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எங்களுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை. அங்கே இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் (8 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு கிடையாது) உபுண்டு போட்டு, ஒல்லாமாவில் (ஏஐ மாடலை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டும் மென்பொருள்) 3 பில்லியன் பாராமீட்டர் உள்ள ஒரு சின்ன ஏஐ மாடலை இறக்கி, பாட்ஃபாதரிடம் (டெலிகிராமில் 'பாட்', அதாவது தானாகப் பதில் சொல்லும் கணக்கு, உருவாக்கித் தருவது) டோக்கன் என்ற சாவி வாங்கி டெலிகிராமோடு இணைத்துவிட்டேன். வீட்டிலிருந்து "நேற்றைய பில் எல்லாம் அனுப்பு" என்று தட்டினால் பிடிஎஃப் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. கணக்கு வெளியே போகக்கூடாது என்றுதான் மாடலைக் கடையிலேயே வைத்தேன். பில் டெலிகிராம் சர்வர் வழியாகத்தானே வருகிறது என்று தம்பி கிண்டல் செய்கிறான், அதுவும் சரிதான்.

ஆங்கிலத்தில் கேட்டால் பரவாயில்லை, தமிழில் கேட்டால் உளறுகிறது. போன வாரம் "பழைய பில்லை ஒதுக்கி வை" என்றேன், மொத்தமாக அழித்துவிட்டது! பென் டிரைவில் நகல் இருந்ததால் தப்பித்தேன்.

இந்த ராமுக்குள் ஓடி, தமிழும் ஓரளவு புரிகிற மாடல் எது? அப்புறம், அது இஷ்டத்துக்கு கமாண்ட் ஓட்டாமல் இருக்க டாக்கருக்குள் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் வைத்தது போல ஓட்டும் மென்பொருள்) அடைத்து, பில் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதுமா, இல்லை லினக்ஸில் தனி யூசரே போதுமா? டெலிகிராம் பாட் (bot) பெயர் தெரிந்தால் யாரும் அதற்கு மெசேஜ் அனுப்பலாம் என்பதால், என் டெலிகிராம் ஐடிக்கு மட்டும் பதில் சொல்லும்படி வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்க சிஸ்டம்டி (லினக்ஸில் புரோகிராம்களைத் தானாகக் கிளப்பிவிடும் பகுதி) சர்வீஸ் எழுதிப் பார்த்தேன், நெட் வருவதற்கு முன்பே கிளம்பி விழுந்துவிடுகிறது.

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் யாராவது இருந்தால் மதியம் கடைக்கே வாங்க, டீ என் செலவு.