பிஎச்பி: எண்ணை எழுத்தாக மாற்றினால் கேள்விக்குறி வருகிறது

பாம்பன் வாடி:
மீன் ஏலச் சீட்டு அடிக்க, பழைய மென்பொருளிலிருந்து கோப்பு எடுத்திருக்கிறேன். பெயரெல்லாம் யூனிகோடு எண்ணாக இருக்கிறது. நண்டுக்கு 2984 2979 3021 2975 3009. இடைவெளியில் பிரித்து ஒவ்வொன்றையும், எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர் (chr) செயற்கூறுக்குக் கொடுத்து ஒட்டினால் மூன்று கறுப்புக் கேள்விக்குறி, நடுவில் ஒரு கீழ்க்கோடு. பிழைச்செய்தி இல்லை. நிரல்மொழி பிஎச்பி 8.1.

தொண்டி:
சிஎச்ஆர் ஒரே ஒரு பைட்தான் தரும் தம்பி. 255-ஐத் தாண்டினால் வாய் திறக்காது, 256-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொள்ளும். உங்களுக்குக் கிடைத்தவை 168, 163, 205, 159, 193. யூனிகோடு எண்ணை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ‘ந’ என்பது 224, 174, 168 என்று மூன்று பைட். தனி 168 செல்லாது, அதனால் கேள்விக்குறி. 205-உம் 159-உம் அடுத்தடுத்து விழுந்தது தற்செயலாகச் சரியான ஜோடி. அதன் எண் 863, ஒட்டுக் கீழ்க்கோடு. உங்கள் கோடு அதுதான்.

சிஎச்ஆருக்குப் பதில் எம்பி_சிஎச்ஆர் (mb_chr) போடுங்கள். துண்டை முதலில் முழு எண்ணாக்கி, இரண்டாவதாக ‘யூடிஎஃப்-8’ கொடுங்கள். பிஎச்பி 7.2 முதல் உண்டு, எம்பிஸ்ட்ரிங் (mbstring) என்ற கூடுதல் நீட்சி வேண்டும். அது இல்லாத சர்வரில் ந என்று கட்டி எச்டிஎம்எல்_என்டிட்டி_டீகோடில் (html_entity_decode) விடலாம்.

பாம்பன் வாடி:
நண்டு, இறால் சரியாகிவிட்டன அண்ணே. நெத்திலியில் மட்டும் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியாக முன்னால் நிற்கிறது. கோப்பில் 3014 2984 2980 3021 2980 3007 2994 3007.

மண்டபம்:
பழைய எழுத்துருக்களில் கொம்பை முதலில் அடிப்பார்கள், அந்த வரிசை அப்படியே வந்திருக்கிறது. யூனிகோடில் மெய்தான் முன்னால். 3014, 3015, 3016 வந்தால் அடுத்த எண்ணோடு இடம் மாற்றுங்கள். எழுத்தாக்கும் முன்பே, எண் பட்டியலிலேயே.

அதோடு விடாதீர்கள். கொடுவா இப்போது 2965 3014 3006 என்று தொடங்கும். பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் தேடலில் சிக்காது. விசைப்பலகையில் அடிப்பவருக்கு 2965 3018 வரும். ஒட்டிய சொல்லை இன்டல் (intl) நீட்சியின் நார்மலைசரில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) கொடுத்து எடுத்தால் இரண்டும் ஒன்றாகும்.

தொண்டி:
இடமாற்றத்தைப் பழைய வரிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள். புதிதாக யூனிகோடில் அடித்த பெயர் அதே கோப்பில் கலந்திருந்தால் நல்லதும் கெடும். சொல்லின் நடுவில் வரும் கொம்பு முந்தைய மெய்யுடையதா, அடுத்ததுடையதா என்று எண்ணை வைத்து மட்டும் கண்டுபிடிக்க வழியில்லை. பதிவுத் தேதியை வைத்துப் பிரியுங்கள்.