புதுப்பிப்பு: 'பேட் பட்டி' ஐந்து எபிசோட் வரை

'பேட் பட்டி' (Bad Buddy) என்ற தாய்லாந்துக் காதல் தொடரின் முதல் எபிசோட் முடிந்ததும், "பொறியியல், கட்டடக்கலை மாணவர்களின் அடிதடி சலிப்பு, நாயகர்கள் இருவருக்காகத் தொடரலாம்" என்று எழுதியிருந்தேன். இப்போது ஐந்தாவது வரை வந்தாச்சு.

அடிதடி பற்றிய கருத்து மாறவில்லை. ஆனால் பாட், பிரான் பகையே வேறு ரகம். பக்கத்து வீடு, பரம்பரைப் பகை. பெற்றோருக்காக முறைத்துக்கொண்டே, தனியாகச் சிக்கினால் ஒருவரையொருவர் சீண்டாமல் இருக்க முடியவில்லை. உடைந்த பேருந்து நிறுத்தத்தை இரு துறை மாணவர்களும் சேர்ந்து கட்டும் பகுதி அருமை.

அப்புறம் அந்த மொட்டைமாடி முத்தம்! பாட்டாக நடிக்கும் ஓம் பவாட்டின் அவசரத்தை விட, முத்தத்துக்குப் பிறகு பிரானாக நடிக்கும் நானோன் முகத்தில் தெரியும் பயம்தான் என்னை உலுக்கியது. 2021இல் வந்த தொடரை இத்தனை தாமதமாகவா பார்ப்பது? பரவாயில்லை, மொத்தம் 12தான். ஆறாவதை இன்றிரவே போடுகிறேன். ஸ்பாய்லர் சொல்பவர்கள் தள்ளி நில்லுங்கள்.