என் பெயரில் இன்னொருத்தி: கணக்கை மூடிவிடலாமா?

கணக்கு டீச்சர்:

முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன செவ்வாய்க்கிழமை, என்னிடம் படித்த பையன் ஒருவன் போனில் அழைத்தான். "டீச்சர், ஆபரேஷன் எப்போது? பணம் போதுமா, இன்னும் அனுப்பட்டுமா?" என்றான். எந்த ஆபரேஷன், எந்தப் பணம்?

நான் இருக்கும் சமூக வலைத்தளத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எனக்கு இரட்டைப் பிறவி ஒன்றை உண்டாக்கியிருக்கிறான். அதே படம், அதே பெயர், "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்ற அதே வரி. என் நண்பர்களுக்கெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பி, அவசரம் என்று கடன் கேட்டிருக்கிறான். மற்றவர்கள் நம்பவில்லை. இவன் மட்டும் அனுப்பிவிட்டான். "'தயவுசெய்து' என்று எழுதியிருந்தீர்கள், அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்" என்கிறான்!

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். கணக்கையே மூடச் சொல்கிறான் மகன். மூடலாம்தான். ஆனால் எனக்கு மெனியேர் நோய். உள்காதில் நீர் சேர்ந்து, படுத்த படுக்கையிலேயே அறை சுழலும். ஒரு காதில் ஓயாத இரைச்சல். அந்த நோய் உள்ளவர்களின் குழு ஒன்று அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு "ஆரம்பித்துவிட்டது" என்று ஒரு சொல் போட்டால், எங்கோ விழித்திருக்கும் ஒருவர் "அசையாத ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அடங்கிவிடும்" என்று எழுதுவார். வீட்டில் எல்லாரும் தங்கமானவர்கள். ஆனால் அவர்களுக்கு அறை சுழலாதே.

என்ன செய்யட்டும்?

பூட்டுக்காரன்:

கணக்கு டீச்சருக்கே கணக்கில் சிக்கலா! மன்னிக்கவும், கை சும்மா இருக்கவில்லை.

டீச்சர், உங்கள் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. வெளியில் நின்று பார்த்தே நகல் எடுத்திருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றியது நல்லதுதான், ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தில்லை. கணக்கை மூடுவதும் அப்படித்தான். அசல் போய்விடும், நகல் அங்கேயே இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் நண்பர்களுக்கு எதுவும் மிஞ்சாது.

இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அசல் ஆளை முதலிலேயே பிளாக் செய்துவிடுவார்கள். நீங்கள் தேடினால் அகப்படாது. அந்த மாணவரின் போனிலிருந்து தேடச் சொல்லுங்கள். போலிப் பக்கத்தின் முகவரியையும் பணம் கேட்ட உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே புகார் கொடுங்கள். பக்கம் போய்விட்டால் ஆதாரமும் போய்விடும். "வேறொருவராக நடிக்கிறார்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து நண்பர்களும் புகார் செய்யலாம். மாணவர் தன் வங்கியிடம் இன்றே சொல்லட்டும். நாள் கடந்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

பிறகு, உங்கள் நண்பர் பட்டியல் யார் கண்ணுக்குத் தெரிகிறது என்று பாருங்கள். அவனுக்கு உங்கள் படத்தைவிட அந்தப் பட்டியல்தான் முக்கியம். யாரிடம் கேட்பது என்று அதைப் பார்த்துத்தானே தெரிந்துகொண்டான்? "நான் மட்டும்" என்று மாற்றிவிடுங்கள்.

விட்டு வந்தவன்:

நான் உங்கள் மகன் கட்சி. கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரம் 2018-இல் வெடித்தபோது வெளியேறியவன். ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலி. அதில் சேர்ந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 8 கோடியே 70 லட்சம் பேர் வரை தகவல் அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. நான் எந்தத் தேர்வும் எழுதவில்லை. என் நண்பன் எழுதியிருந்தால் போதும், என் சங்கதியும் போயிருக்கும். பட்டியலை மறைப்பது அக்கம்பக்கத் திருடனுக்குச் சரி. வீட்டைக் கட்டிக்கொடுத்தவனிடம் எதை மறைப்பீர்கள்?

ஆனால் எனக்கு இரவு இரண்டு மணிக்கு அறை சுழல்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சிறுநீரகக் குழு:

நான் இன்னொரு நோயாளிக் குழுவை நடத்துகிறவள். போகாதீர்கள் அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன்: உறுப்பினர் மட்டும் பார்க்கும் குழு என்றாலும் அது நான்கு சுவருக்குள் பேசுவது ஆகாது. ஒருவர் படமெடுத்து வெளியே போட்டால் தீர்ந்தது. மருத்துவ அறிக்கையைப் பெயரோடு பதிவிடாதீர்கள். "குணமாகவே இல்லை" என்று எழுதிய மறுநிமிடம் தனிச்செய்தியில் அற்புத மருந்தோடு ஒருவர் வருவார். எங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களைத்தான் குறிவைக்கிறார்கள்.

கணக்கு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பட்டியலைத் திறந்து பார்த்தேன்; 412 பெயரும் ஊரறிய விரிந்து கிடந்தன. இப்போது மறைத்துவிட்டேன். மாணவனும் இன்னும் சிலரும் புகார் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் என் இரட்டை மறைந்தாள். பணம் இன்னும் வரவில்லை. நான் தருகிறேன் என்றால் வாங்க மறுக்கிறான்.

விட்டு வந்தவரே, உங்கள் எண்களை வகுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். ஒருவருக்கு 290 பேர் வருகிறது. என் 412-ஐ நினைத்து அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் குழுவில்தான் இருக்கிறேன். படம், ஊர், பிறந்தநாள், பேரன் புகைப்படங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இப்போது என் நோய் மட்டும்தான் இருக்கிறது.

இனி யார் என் பெயரில் பணம் கேட்டாலும் போன் செய்து குரலைக் கேட்டுவிடு என்று மாணவனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு காது மந்தம், கொஞ்சம் நீளமாக அடிக்கவிடு என்றும்.