விலை, உரிமம், திவால்: தனியார் தொழிலில் அரசு எதுவரை நுழையலாம்?

துலாக்கோல் எழுதியது:

தனியார் தொழிலில் அரசு தலையிடுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலையிடுகிறவரின் நல்லெண்ணத்தையே நாம் அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். அவருக்கு நல்லெண்ணம் உண்டு என்றே நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருள் என்ன விலைக்கு விற்க வேண்டும், ஒரு தொழிலுக்குள் யார் நுழையலாம் என்பதையெல்லாம் முடிவு செய்யத் தேவையான விவரம் அவர் மேசைக்கு எப்படி வந்து சேரும் என்பதுதான் என் கேள்வி.

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் விலைகளையும் ஊதியங்களையும் 90 நாட்களுக்கு உறைய வைத்தார். அது தொண்ணூறு நாளில் முடியவில்லை. பல கட்டங்களாக 1974 ஏப்ரல் வரை இழுத்தது. இடையில் 1973 கோடையில் மீண்டும் ஒருமுறை விலைகள் உறைய வைக்கப்பட்டபோது இறைச்சிக் கோழியின் விலை அசையவில்லை, தீவனத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. குஞ்சை வளர்த்து விற்பதைவிட அழித்துவிட்டால் நட்டம் குறைவு என்ற கணக்கு வந்தது. பண்ணையாளர்கள் உயிருள்ள குஞ்சுகளைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்களுக்குச் சொல்லப்பட்ட விலைக்கு ஏற்றபடி நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான். எண்ணெய் விலைக் கட்டுப்பாடு 1981 ஜனவரி வரை நீடித்தது. 1979இல் பெட்ரோல் நிலையங்களில் நின்ற நீண்ட வரிசைகளில் அதற்கும் பங்கு உண்டு.

உரிமத்தின் கதையும் இதுவே. 1938இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியம், எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் என்ன கட்டணத்துக்குப் பறக்கலாம் என்பதை நாற்பது ஆண்டுகள் தானே தீர்மானித்தது. 1950 முதல் 1974 வரை நெடுந்தடங்களில் புதிதாகச் சேவை தொடங்க அனுமதி கேட்டு அதனிடம் 79 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூட ஏற்கப்படவில்லை. அதே காலத்தில், வாரியத்தின் அதிகாரம் செல்லாத ஒரே மாநிலத்துக்குள் பறந்த நிறுவனங்கள், ஏறத்தாழ அதே தொலைவுக்குப் பாதியளவு கட்டணமே வாங்கின. 1978இல் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1984 இறுதியோடு வாரியமே கலைக்கப்பட்டது. பயணிகளைக் காக்கவென்று அமைத்த ஒன்று, ஏற்கெனவே உள்ளே இருந்த நிறுவனங்களைத்தான் காத்துக்கொண்டிருந்தது.

கரைச்சுவர் எழுதியது:

நண்பர் துலாக்கோல் எடுத்துக்காட்டுகளை நன்றாகத் தேர்ந்திருக்கிறார். கோழிக்குஞ்சுகளைப் பற்றி அவர் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தையைத் தன் போக்கில் விட்ட இடங்களில் யார் அமிழ்ந்தார்கள் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

1937இல் டென்னசி மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனம், சல்பனிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகள் குடிக்கும்படி நீர்ம வடிவில் தர விரும்பியது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பானில் அது நன்றாகக் கரைந்தது. நிறத்தைப் பார்த்தார்கள், சுவையைப் பார்த்தார்கள், மணத்தைப் பார்த்தார்கள். அது நஞ்சா என்பதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அன்று சொல்லவில்லை. நூறு பேருக்கு மேல் செத்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். நாடெங்கும் அலைந்து திரிந்து அந்தப் புட்டிகளைக் கைப்பற்றிய அரசு ஆய்வாளர்களுக்குச் சட்டத்தில் கிடைத்த ஒரே பிடி என்ன தெரியுமா? ‘எலிக்சிர்’ என்று பெயரிட்டால் அதில் சாராயம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு. ‘கரைசல்’ என்று அச்சிட்டிருந்தால் அதைத் தொடவே அவர்களுக்கு அதிகாரம் இருந்திருக்காது. விற்பதற்கு முன்பே மருந்தின் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 1938இல்தான் வந்தது.

கெட்ட பொருளை விற்றவன் பெயர் கெட்டு, வாடிக்கையாளரை இழந்து, சந்தையாலேயே தண்டிக்கப்படுவான் என்பார்கள். அந்தத் தண்டனை நடக்க முதலில் சிலர் சாக வேண்டியிருக்கிறதே! அந்தப் பாடத்துக்கான கட்டணத்தை யாருடைய குழந்தை செலுத்துவது?

துலாக்கோல் எழுதியது:

நஞ்சை மருந்தென்று விற்பதைத் தடுப்பதும் விலையை நிர்ணயிப்பதும் எனக்கு ஒன்றல்ல. முதலாவது ஏமாற்றுக்கு எதிரான பழைய சட்டங்களின் நீட்சி. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அதே மருந்துத் துறையில் அடுத்த படியையும் பாருங்கள். 1962 சட்டத் திருத்தம், மருந்து பாதுகாப்பானது என்பதோடு பலன் தரக்கூடியது என்றும் நிறுவச் சொன்னது. அதன்பின் புதிதாக வரும் மருந்துகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது, வந்தவற்றின் தரம் அதற்கேற்ப உயரவில்லை என்று பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் 1973இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அவருடைய அளவைகளோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வு எழுப்பும் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கெட்ட மருந்தால் செத்தவருக்குப் பெயர் உண்டு, படம் உண்டு, வழக்கு உண்டு. நல்ல மருந்து மூன்றாண்டு தாமதமாக வந்ததால் செத்தவர், தான் அதனால்தான் சாகிறோம் என்று தெரியாமலே போகிறார். முதல் வகைச் சாவுக்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு அவரை யாரும் கேட்பதில்லை. அப்படியிருக்க, அவருடைய பேனா எப்போதும் ‘இன்னும் தரவு வேண்டும்’ என்று எழுதுவதில் வியப்பென்ன?

கரைச்சுவர் எழுதியது:

‘இன்னும் தரவு வேண்டும்’ என்று எழுதிய ஒரு பேனாவைப் பற்றிச் சொல்கிறேன். 1960 செப்டம்பரில் தாலிடமைடு என்ற தூக்க மருந்தை அமெரிக்காவில் விற்க விண்ணப்பம் வந்தது. அது மேற்கு ஜெர்மனியில் 1957 முதலே விற்பனையில் இருந்தது. அன்றைய சட்டப்படி அறுபது நாட்களுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குப் போய்விடும். அந்தக் கோப்பு, பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆன மருத்துவர் பிரான்சிஸ் கெல்சியிடம் வந்தது. தரவு போதாது என்று அவர் திருப்பி அனுப்பினார். நிறுவனம் மீண்டும் அனுப்பியது. அவர் மீண்டும் திருப்பினார். நெருக்குதல் கூடியது, அவர் அசையவில்லை. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டபோது காரணம் உலகத்துக்கே தெரிந்தது. கருவுற்ற தாய்மார் அதை உட்கொண்டதால் கை கால் வளர்ச்சியின்றியும் வேறு குறைகளோடும் பிறந்த குழந்தைகள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடப்படுகிறது. நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தத் தாமதம்தான் அங்கே பாதுகாப்பாக இருந்தது. 1962 திருத்தம் வானத்திலிருந்து விழவில்லை. இந்தக் குழந்தைகளின் படங்களைப் பார்த்த பிறகுதான் அது நிறைவேறியது.

பட்டறைவாசி எழுதியது:

இருவரையும் படித்துவிட்டு, கொதிகலனோடு பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இடையில் வருகிறேன். ஆண்டுதோறும் ஆய்வாளர் வரும் நாளில் உலையை அணைத்துக் கலனை ஆறவிட வேண்டும். இரண்டு நாள் உற்பத்தி போகும். நான் முணுமுணுக்காத ஆண்டில்லை. ஒருமுறை அவர் பாதுகாப்பு அடைப்பிதழின் (வால்வின்) நெம்புகோலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், வரவில்லை, இரு கைகளால் இழுத்தும் வரவில்லை. உள்ளே துருவும் உப்பும் சேர்ந்து அடைப்பிதழ் தான் அமரும் இடத்தோடு ஒட்டிப் போயிருந்தது. அழுத்தம் ஏறியிருந்தால் திறந்திருக்க வேண்டிய ஒரே வழி அது. எத்தனை மாதங்களாக அப்படி இருந்ததோ தெரியாது. அதற்கு நாலடி தள்ளித்தான் என் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்றோடு முணுமுணுப்பை விட்டேன்.

இதில் துலாக்கோல் ஐயாவுக்கும் ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவில் நிலையான கொதிகலன்களை முறையாகச் சோதிக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானது அரசு அல்ல, 1866இல் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். கலன் வெடித்தால் இழப்பீடு தர வேண்டியவர்கள் அவர்கள் என்பதால், வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு லாபம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காப்பீடு எடுத்தவனின் கலனைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். எடுக்காதவனின் கலன் வெடித்தாலும் அடுத்த கட்டடம் இடிந்து விழும். 1905இல் மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கலன் வெடித்து 58 பேர் இறந்த பிறகு, 1907இல் அந்த மாநிலம் எல்லோருக்கும் பொதுவான விதி போட்டது. பிறகு இயந்திரப் பொறியாளர் சங்கம் எழுதிய விதித்தொகுப்பையே பல மாநிலங்கள் சட்டமாக்கிக்கொண்டன. விதியை எழுதியது தொழில் அறிந்தவர்கள், யாரும் நழுவாதபடி பார்த்துக்கொண்டது அரசு. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கரைச்சுவர் நண்பர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் மதிக்கும் அந்த ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு நாள் வந்தார். மீதி நாட்களில் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே அலுவலகத்தின் மூன்று பிரிவுகளுக்கு ஒரே ஆறு ஆவணங்களைத் தனித்தனியாகத் தரச் சொன்னவை. அவற்றால் எந்த அடைப்பிதழும் திறக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் அதற்கென்று ஆள் வைத்துக்கொண்டன. என்னைப் போன்றவர்கள் இரவில் உட்கார்ந்து எழுதினோம். தொழில்துறைகள் தங்களுக்குச் சாதகமாகவே ஒழுங்குமுறையைப் பெற்றுக்கொள்கின்றன என்று 1971இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதியதைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

கரைச்சுவர் எழுதியது:

பட்டறைவாசி சொன்ன அந்த மூன்று பிரிவுகளை ஆதரித்து நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. ஆனால் துலாக்கோல் அவர்கள் இதுவரை தொடாத இடம் ஒன்று இருக்கிறது. லாபம் வரும்போது அரசே விலகி நில் என்றவர்கள், 2008இல் அரசின் வாசலில் நின்றார்களே! செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. மறுநாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டது. அக்டோபர் 3 அன்று 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் சட்டமானது. சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது உண்மையானால், அந்த மூன்று வாரங்கள் அதற்கு ஏன் தரப்படவில்லை?

துலாக்கோல் எழுதியது:

தரப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. மீட்பு நிதியைக் கட்டற்ற சந்தையின் கணக்கில் எழுதாதீர்கள்; நட்டமடைந்தவனை நட்டமடைய விடாதது தலையீட்டிலேயே மிக மோசமான வகை. ஏஐஜியோடு பந்தயம் போன்ற ஒப்பந்தங்கள் செய்துகொண்ட பெரிய வங்கிகளுக்குக் கடைசியில் ஒரு காசு குறையாமல் முழுத் தொகையும் பொதுப் பணத்திலிருந்து போய்ச் சேர்ந்தது. எந்தத் திவால் நீதிமன்றத்திலும் கடன் கொடுத்தவருக்கு இப்படிக் கிடைத்திருக்காது.

கரைச்சுவர் எழுதியது:

அந்த முழுத் தொகை தவறு என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ‘விழட்டும்’ என்று சொல்வது எளிது. லேமன் விழுந்த மறுநாள் நடந்ததைப் பாருங்கள். ரிசர்வ் பிரைமரி என்ற பணச்சந்தை நிதியில் மக்களும் நிறுவனங்களும் வங்கிக் கணக்கு போல நினைத்துப் பணம் போட்டிருந்தார்கள். லேமனின் கடன் பத்திரங்கள் அதனிடம் 78.5 கோடி டாலர் மதிப்புக்கு இருந்தன. ஒரு டாலராகவே இருக்க வேண்டிய அதன் அலகு மதிப்பு 97 சென்ட்டாக இறங்கியது. மூன்று சென்ட்தான். அந்த மூன்று சென்ட்டுக்காக, லேமனோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிதிகளிலிருந்தும் எல்லோரும் பணத்தை எடுக்க ஓடினார்கள். அந்த நிதிகளை நம்பி அன்றாடச் செலவுக்குக் குறுகிய காலக் கடன் எடுத்துவந்த சாதாரண நிறுவனங்கள் திகைத்து நின்றன. செப்டம்பர் 19 அன்று அரசு உத்தரவாதம் அறிவித்த பிறகுதான் ஓட்டம் நின்றது. 1930 முதல் 1933 வரை ‘விழட்டும்’ என்று விட்டதில் அமெரிக்காவில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூழ்கின. அவற்றில் சேமித்தவர்கள் எந்தப் பந்தயமும் கட்டியவர்கள் அல்லர்.

துலாக்கோல் எழுதியது:

இந்தப் பதிவுக்குப் பிறகு என் பேச்சைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வங்கி மூழ்கினாலும் சேமித்தவருக்கு ஒரு வரம்பு வரை பணம் கிடைக்கும்படி 1934 ஜனவரி 1 அன்று தொடங்கிய வைப்புத்தொகைக் காப்பீட்டை நான் எதிர்க்கவில்லை. அதை நடத்தும் அரசுக் காப்பீட்டுக் கழகம் வங்கியை மூடும் முறையை உண்மையில் மதிக்கிறேன். 2008 செப்டம்பர் 25 அன்று வாஷிங்டன் மியூச்சுவல் என்ற வங்கியை அரசு கைப்பற்றியது. சொத்து மதிப்பு 30,700 கோடி டாலர்; அந்த நாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய வங்கி வீழ்ச்சி. அன்றே அதை வேறொரு வங்கிக்கு 190 கோடி டாலருக்கு விற்றார்கள். மறுநாள் கிளைகள் வழக்கம்போலத் திறந்தன. சேமித்தவர் ஒரு டாலர் இழக்கவில்லை, காப்பீட்டு நிதிக்கும் செலவில்லை, பங்குதாரர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். தலையீடுதான். ஆனால் ஆபத்தை ஏற்று லாபம் எடுத்தவன் தலையில் நட்டத்தை இறக்கிவைத்து, ஏற்காதவனை மட்டும் காத்த தலையீடு. ஏஐஜியிலும் இதைச் செய்திருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இப்படிச் செய்வதற்கு, யார் காக்கப்படுவார், எவ்வளவுக்கு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டு, நெருக்கடியில் மாறாமல் இருக்க வேண்டும்.

கரைச்சுவர் எழுதியது:

எழுதியிருந்தார்களே. ஒரு வங்கியில் ஒருவருக்கு, ஒரு வகைக் கணக்குக்கு 2,50,000 டாலர் வரை என்று எழுதியிருந்தார்கள். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அதன் வைப்புத்தொகையில் மிகப் பெரும் பகுதி அந்த வரம்புக்கு மேல் இருந்தது. மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை, வரம்பைப் பாராமல் எல்லோருக்கும் முழுப் பணமும் உண்டு என்று அறிவித்தார்கள். உங்கள் கோடு அழிந்தது. அழித்தது தவறா?

துலாக்கோல் எழுதியது:

தவறு. அந்த வரம்பைத் தெரிந்துகொண்டே கோடிக்கணக்கில் ஒரே வங்கியில் போட்டவர்கள் பெரும்பாலும் நிறுவனங்கள், கணக்காளர் வைத்திருக்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு பகுதி உடனே கிடைத்து, மீதி வங்கியின் சொத்துகளை விற்ற பிறகு கிடைத்திருக்கும். முழுப் பணமும் தந்ததற்கான செலவைப் பிற வங்கிகள் மீது சிறப்புக் கட்டணமாகப் போட்டார்கள். அதாவது கவனமாக நடந்துகொண்ட வங்கிகளும் கவனமற்ற வங்கிக்காகக் கட்டின. அடுத்த முறை எந்த நிதி அதிகாரி தன் பணத்தைப் பிரித்துப் போடச் சிரமப்படுவார்?

கரைச்சுவர் எழுதியது:

அந்தக் கணக்குகளில் இருந்தது முதலாளிகளின் உபரி மட்டுமல்ல. அடுத்த வாரச் சம்பளமும் அதில்தான் இருந்தது. சொத்துகளை விற்கும்வரை அந்த ஊழியர்கள் வாடகைக்கு என்ன செய்வார்கள்? சம்பளக் கணக்குகளை மட்டும் தனியாகப் பிரித்து முழுமையாகக் காப்பீடு செய்யும் விதி முன்பே இருந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபடி கோட்டைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த விதி இல்லை. இல்லாதபோது அவர்கள் எடுத்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை.