செற்றியில் பட்ட கறையும் அதை எடுக்கப் போன கதைகளும்

காலிவீதிக்காரன்:
கொழும்பில் செற்றி (சோபா), கதிரை, மெத்தை கழுவுகிற வேலை எனக்கு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கம்தான் கூடுதலாகப் போவேன். பொலியெஸ்டர் துணி போட்ட செற்றி என்றால் பெரிய தலையிடி இல்லை, மெஷினைப் போட்டு இழுத்துவிட்டு வரலாம். பருத்தி, லினன், கம்பளி, பட்டு, சணல் என்று இயற்கை நூலில் நெய்த துணிகளில்தான் சிக்கல். நான் பார்த்த வரையில் இந்தத் துணிகளைக் கறை கெடுத்தது கொஞ்சம், கறையைப் போக்குகிறோம் என்று ஊற்றின தண்ணீரும் தேய்த்த தேய்ப்பும் கெடுத்ததுதான் அதிகம். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், நான் முதலில் ஒன்று சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட். கிறீம் நிற லினன் செற்றியில் ஒரு கோப்பை சொதி கவிழ்ந்துவிட்டது. சொதியை லேசாக நினைக்காதீர்கள், தேங்காய்ப்பாலின் எண்ணெய், அதிலுள்ள புரதம், மஞ்சள் மூன்றும் சேர்ந்த கறை அது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். வீட்டு அன்ரி பதறிப்போய் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்திருக்கிறார், கறை அவர் கண் முன்னாலேயே செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. "தம்பி, துணிச் சாயமே மாறிப்போச்சு, இனி எறியிறதுதான்" என்று அழாத குறை. சாயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்க்குமின், சவர்க்காரத்தில் இருக்கிற காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவக்கிறதே, அந்தச் சங்கதிதான். வெள்ளை வினாகிரியைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒற்றினதும் சிவப்பு இறங்கிப் பழைய மஞ்சளுக்கு வந்தது. அன்ரிக்கும் உயிர் வந்தது.

அப்புறம்தான் உண்மையான வேலை. குளிர்ந்த தண்ணீர்தான் பாவித்தேன், சுடுதண்ணீர் பட்டால் புரதம் நூலோடு இறுகிவிடும். காரமில்லாத மெல்லிய சோப்புத் தண்ணீரை அடித்து, நுரையை மட்டும் எடுத்துப் பூசி, வெள்ளைத் துவாயால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எண்ணெயை எடுத்தேன். தேய்க்கவே கூடாது. தேய்த்தால் லினனில் பிசிறு கிளம்பி, கறை போனாலும் அந்த இடம் மட்டும் பழசாகத் தெரியும். எண்ணெய் போன பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைச் செற்றிக்கு அடியில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே வைத்தேன். மிஞ்சின மங்கல் மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து, குர்க்குமின் வெளிச்சத்தில் தானாகவே சிதையும். குஷனை யன்னலோரம் வெயில் படுகிற மாதிரி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன், போய்விட்டது என்று பிறகு படம் அனுப்பினார். நீலம், மெரூன் என்று கடும் சாயம் போட்ட துணிக்கு இந்த வெயில் வைத்தியம் வேண்டாம், கறையோடு சாயமும் சேர்ந்து வெளிறும்.

இன்னொன்று. குஷன் உறையில் சிப் இருக்கிறதே, கழற்றி வாஷிங் மெஷினில் போடுவோம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். லினனும் பருத்தியும் சுருங்கினால் அந்த உறை அந்தக் குஷனுக்குத் திரும்ப ஏறாது. சிப் வைத்தது தைத்தவருடைய வசதிக்கு.

தும்புமெத்தை:
எங்கள் கதை கொட்டாஞ்சேனையில். அப்பப்பா காலத்துச் செற்றி, மேலே பருத்தித் துணி, உள்ளே தென்னந்தும்பு. தீபாவளிக்கு முதல் ஒரு கிளீனிங் கொம்பனியைக் கூப்பிட்டோம். மெஷினால் தாராளமாகத் தண்ணீர் அடித்து உறிஞ்சிவிட்டுப் போனார்கள், ஈரத்தோடு பார்க்கும்போது பளிச்சென்றுதான் இருந்தது. காய்ந்து வர வர தேத்தண்ணி ஊற்றின மாதிரித் திட்டுத் திட்டாகப் பழுப்பு. கேட்டால், உள்ளே கிடந்த பழைய அழுக்கு மேலே வந்திருக்கு, இன்னொரு தரம் கழுவ வேண்டும், அதற்குத் தனிக் காசு என்றார்கள். சரி என்று கொடுத்தோம். பழுப்பு இன்னும் கூடிவிட்டது!

காலிவீதிக்காரன்:
அது அழுக்கே இல்லை. தும்பில் டனின் என்கிற, பழுப்பு நிறம் விடுகிற சத்து இருக்கிறது. தும்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பாருங்கள், தண்ணீர் பழுப்பாகும். செற்றியை உள்வரை நனைத்தால் அந்தச் சாறு முழுக்க உள்ளே நிற்கும். மேல் துணி காயக் காய அடியில் இருக்கிற ஈரம் நூல் வழியாக மேலே ஏறும், தண்ணீர் ஆவியாகிவிடும், நிறம் மட்டும் துணியில் தங்கிவிடும். திரும்பக் கழுவினால் திரும்பவும் அதே கதை, காசுதான் போகும். சீற்றுக்கு அடியில் அடிக்கிற சணல் சாக்கும் இதே வேலையைப் பார்க்கும். பருத்தியும் லினனும்கூட அளவுக்கு மிஞ்சி நனைந்து மெதுவாகக் காய்ந்தால் தானாகவே பழுக்கும்.

இனிச் செய்யக்கூடியது, சிட்ரிக் அசிட்டை மெல்லியதாகக் கரைத்து மேல் துணி மட்டும் ஈரமாகிற அளவுக்கு ஸ்பிரே பண்ணி, அதன் மேல் வெள்ளைத் துவாயை இறுக்கி விரித்து, ஃபானை நேரே பிடித்துக் கெதியாகக் காய வைப்பது. ஈரம் துவாய்க்கு ஏறும், பழுப்பும் சேர்ந்து ஏறும். ஒரே தரத்தில் போகாது.

கொழும்பில் கழுவுவதை விடக் காய வைப்பதுதான் பெரிய வேலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை, மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம். அதனால் லினன், பருத்தி வேலை என்றால் காலையில் மட்டும்தான் தொடங்குவேன், பின்னேரம் எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டேன். முடித்ததும் குஷன்களை நிமிர்த்தி இரண்டு பக்கமும் காற்றுப் படுகிற மாதிரி வைத்து, ஏசி இருந்தால் 'டிரை' மோடில் போட்டு, அடி தொட்டுப் பார்த்து உலர்ந்த பிறகுதான் கிளம்புவேன். கழுவி முடிந்ததே, ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்ட வீடுகளும் உண்டு. உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், அந்த மணத்தை எடுப்பது கறையை எடுப்பதை விடப் பாடு.

மழைக்குருவி:
அம்மாவின் பழைய பட்டுச் சேலையை வெட்டித் தைத்த குஷன் கவர். குங்குமம் கொட்டிவிட்டது. நான் வீட்டில் இல்லாத நேரம் வேலைக்கு வருகிறவர் நல்ல மனத்தோடு குளோரின் ப்ளீச் வைத்திருக்கிறார். குங்குமம் போனதோ இல்லையோ, பட்டு மஞ்சளித்து, விரல் வைத்தால் நூல் நூலாகப் பிரிகிறது. பாத்ரூம் துவாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, பட்டுக்கு மட்டும் ஏன்?

காலிவீதிக்காரன்:
துவாய் பருத்தி, அது செடியில் வந்தது. பட்டும் கம்பளியும் புரதம். குளோரின் ப்ளீச் புரதத்தைக் கரைத்துவிடும், இனி அந்தக் கவரைக் காப்பாற்ற வழியில்லை. என்சைம் போட்ட தூள்களிலும் கவனம், புரதக் கறையைத் தின்கிற என்சைம் பட்டையும் சேர்த்துத் தின்னும்.

என்ன துணி என்று தெரியாவிட்டால் கறையில் கை வைக்கவே வேண்டாம். தளபாட வேலைக்குப் பேர்போன மொரட்டுவையில் சொல்லிச் செய்வித்த செற்றிகளில் நான் லேபிள் கண்டது குறைவு. அடிப்பக்கத் தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து, சாமணத்தால் பிடித்து, சிங்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். மயிர் கருகுகிற மணம் வந்தால் பட்டு அல்லது கம்பளி, கடதாசி எரிகிற மணம் வந்தால் பருத்தி, லினன் வகை, உருகி உருண்டையானால் பொலியெஸ்டர். லேபிள் இருந்தால் இன்னும் சுகம். 'டபிள்யூ' என்றால் தண்ணீர் பாவிக்கலாம், 'எஸ்' என்றால் தண்ணீர் கூடாது, சொல்வென்ட் (தண்ணீரில்லாத கரைப்பான்) மட்டும், 'எக்ஸ்' என்றால் தூசி உறிஞ்சுவதோடு சரி.

பிளேன்டீ:
தேத்தண்ணிக் கறைக்கு அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசச் சொல்லி ஒரு வீடியோ. பருத்திக் கதிரை, பூசின இடம் இன்னும் கறுத்துப்போய்விட்டது.

காலிவீதிக்காரன்:
தேத்தண்ணியிலும் டனின்தான், அதற்குக் காரம் ஆகாது, அப்பச்சோடா காரம். வினாகிரித் தண்ணீரால் ஒற்றுங்கள். பால் தேத்தண்ணி என்றால் முதலில் பச்சைத்தண்ணீரால் பாலை எடுத்துவிட்டு வினாகிரிக்கு வாருங்கள்.

தெகிவளை மாமி:
எங்கள் வீட்டு ஐயா தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு லினன் கதிரையில் சாய்ந்து சாய்ந்து, தலை படுகிற இடத்தில் ஒரு பெரிய வட்டம். சோளமா தூவினேன், கொஞ்சம் இழுத்தது, வட்டம் அப்படியே இருக்கிறது.

காலிவீதிக்காரன்:
மாமி, சோளமா சரிதான், ஆனால் அது புது எண்ணெய்க்கு. பழைய எண்ணெய் காற்றுப் பட்டு மஞ்சளாகி நூலில் இறுகியிருக்கும். சொல்வென்ட்டைத் துணியில் எடுத்து ஒற்ற வேண்டும், யன்னலெல்லாம் திறந்து, பக்கத்தில் நெருப்பில்லாமல், அதை ஆளைக் கூப்பிட்டே செய்யுங்கள். முழுக்கப் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நான் மங்கும் என்று மட்டும் சொல்லித்தான் வேலையைத் தொடங்குவேன். மிச்சத்துக்கு, அந்தக் காலத்தில் கதிரை முதுகில் போடுகிற குரோஷே துணி அலுமாரியில் கிடந்தால் எடுத்துப் போடுங்கள். ஐயா நல்லெண்ணெயை விடப்போவதில்லைத்தானே.